அதே ஊர், அதே குளம், அடுத்த பருவம்

கேள்வி: எனக்கு 38 வயது. மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன், அல்ட்ராசவுண்ட் இயந்திரங்களைப் பராமரிக்கும் சர்வீஸ் இன்ஜினீயர். வீடு திருச்சியில். மாதத்தில் பாதி நாள் காரைக்குடி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று அலைச்சல்தான். பிரேக்டவுன் வந்தால் தனி. மற்றபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஊர், அதே மருத்துவமனை, அதே லாட்ஜ். ராத்திரி அறைக்குத் திரும்பினால் ஒரு மணி வரை செல்போன். கல்லூரிக் காலத்தில் பறவை பார்ப்பேன், நோட்டில் வரைவேன். அந்த பைனாகுலர் இப்போது பரணில் கிடக்கிறது. எந்த ஊரும் என் ஊராக இல்லை என்ற எண்ணம் அரிக்கிறது. சம்பளம் குறைந்தாலும் ஆபீஸ் வேலைக்கு மாறிவிடலாமா? எட்டு வயது மகளையும் வீட்டையும் மனைவி தனியாகப் பார்த்துக்கொள்ளும்போது, நான் பொழுதுபோக்கு என்று கிளம்புவது தப்பில்லையா?

– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்:

அன்புத் தம்பிக்கு,

வேலையை மாற்றுவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு முடியவில்லை, மகளின் படிப்புக்கு அப்பா பக்கத்தில் இருந்தாக வேண்டும், வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்றால் தாராளமாக மாற்றல் கேளுங்கள். சம்பளக் குறைவைத் தாங்க முடியுமா என்ற கணக்கை நீங்களும் உங்கள் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து போட வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு காரணத்தையும் காணோம். எழுதியிருப்பதெல்லாம் ராத்திரி ஒரு மணி வரை ஓடும் செல்போனும் பரணில் கிடக்கும் பைனாகுலரும்தான். காரைக்குடி லாட்ஜில் செல்போனோடு விழித்திருக்கிறவர், திருச்சி வீட்டிலும் அப்படித்தான் விழித்திருப்பார். ஆபீஸ் நாற்காலி அதைச் சரிசெய்யாது. இதற்காக மட்டும் வேலையை விடாதீர்கள்.

பணிக்காலம் முழுக்க வங்கி இன்ஸ்பெக்‌ஷனுக்காக ஊர் ஊராகப் போனவன் நான். எனவே நீங்கள் சொல்லும் அலுப்பு எனக்குப் புதிதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஊருக்குப் போவதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். பறவை பார்க்கிறவனுக்கு அதைவிடப் பெரிய கொடுப்பினை இல்லை. சுற்றுலா வருகிறவர் ஒரு சரணாலயத்தை ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே" என்று திரும்பிவிடுவார். நீங்களோ ஒரே குளத்தை ஜனவரியில் பார்ப்பீர்கள், ஏப்ரலில் பார்ப்பீர்கள், ஜூலையில், அக்டோபரில் பார்ப்பீர்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் பணம் ஒதுக்கி, ஆள் போட்டு, அட்டவணை தயாரித்துச் செய்கிற காரியம் இது. உங்களுக்கு கம்பெனியே பயணப்படி கொடுத்து அனுப்பிவைக்கிறது.

நம் பக்கத்துக் குளம் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. கோடையில் தரை வெடித்து ஆடு மேயும். கிட்டே போனால் ஆள்காட்டி ஒன்று தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். பெரும்பாலும் பக்கத்தில் எங்கேயோ வெறும் தரையில் முட்டை இருக்கும், அதனால்தான் அந்தக் கத்தல். உடனே நகர்ந்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்து தண்ணீர் நின்றதும் அதே இடத்தில் தாழைக்கோழியும் இலைக்கோழியும் வந்துவிடும். செப்டம்பர் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வருகிற வலசைப் பறவைகள். பிறகு தண்ணீர் வற்ற வற்ற, ஒதுங்கிய மீனைத் தேடிக் கொக்கும் நாரையும் கூட்டமாக இறங்கும். நாலு பருவமும் ஒரே கரையில் நின்று பார்த்தவருக்கு அந்த ஊர் வெறும் லாட்ஜும் மருத்துவமனையுமாகத் தெரியாது. எந்தப் பனைமரத்தில் உழவாரன் அடைகிறது, எந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிறது, கரையில் மாடு ஓட்டி வரும் பெரியவர் எத்தனை மணிக்கு வருவார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த ஊரும் என் ஊராக இல்லை என்று எழுதினீர்களே, ஒரு ஊர் நம்முடையதாவது இப்படித்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே ஊருக்கு ஒரே ஒரு இடம் வைத்துக்கொள்ளுங்கள். அதை மாற்றாதீர்கள்.

உங்கள் தடத்திலேயே அருமையான இடங்கள் இருக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் சுசீந்திரம் குளம், அதை ஒட்டித் தேரூர் குளம். இரண்டும் சேர்ந்து 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. கோபுரம் தெரியும் தூரத்தில் நின்றுகொண்டு பறவை பார்க்கலாம். காரைக்குடி வேலை முடிந்து திருப்பத்தூர் வழியாக மேலூர், மதுரைப் பக்கம் போவதாக இருந்தால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. பிள்ளைகள் வெடி கேட்டு அழாத ஊர் எதுவும் இருக்காது. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைத்து, தலைமுறை தலைமுறையாக ஒரு ஊரே கட்டுப்பாடாக இருக்கிறதென்றால் அது சாதாரண விஷயமில்லை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வரும் நாளில் நேரம் கிடைத்தால் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே தங்குகின்றன.

தூத்துக்குடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிப் பக்கத்து அளங்களிலிருந்து வருகிறது. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றி வற்றவைப்பார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் உப்பின் அடர்த்தி வேறு, அதனால் அதில் வாழும் சிற்றுயிர்களும் வேறு, அவற்றைத் தின்ன வருகிற பறவையும் வேறு. நெடுங்கால் உள்ளான் சிவந்த காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆழமில்லாத பாத்தியில் நடக்கும். இன்னும் கரிப்பு ஏறிய நீரில், பருவம் வாய்த்தால், பூநாரைகள். பூநாரை சாப்பிடுவதை பைனாகுலரில் நிதானமாகப் பாருங்கள்: தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வருமாறு தண்ணீருக்குள் விட்டு, நாக்கால் நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளி, அலகின் ஓரத்தில் உள்ள சல்லடையில் இரையை வடிகட்டும். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தே பழகிய உங்கள் கண்ணுக்கு அது பெரிய விருந்து. அளங்கள் தனியாருக்குச் சொந்தமானவை. உள்ளே இறங்காதீர்கள், சாலையோரத்தில் நின்றாலே போதும். அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் உப்பளத் தொழிலாளர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு நில்லுங்கள். எந்தப் பாத்தியில் என்ன பறவை வரும் என்று அவர்களைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை.

சரணாலயத்துக்குப் போகவே நேரமில்லை என்ற நாளும் வரும். அப்போது மருத்துவமனை வளாகமே போதும். பழைய அரசு மருத்துவமனைகளில் வேம்பும் அரசும் வயதேறி நிற்கும். அவற்றின் பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடியாகக் குடியிருக்கும். பகலிலேயே தலையை நீட்டி, நம்மைப் பார்த்துத் தலையை ஏற்றி இறக்கும். அரசு பழுத்திருக்கும் காலத்தில் செம்மார்புக் குக்குறுவான் "குக், குக், குக்" என்று விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். உங்களில் பலர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள், பறவையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். குருவியைவிடச் சற்றுப் பெரியது, பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு.

இன்னொன்று. நீங்கள் தினமும் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதுகிறவர். தேதி, நேரம், இடம், எந்த இயந்திரம், என்ன கோளாறு, என்ன செய்தோம். பார்க்காததை எழுதக் கூடாது, பார்த்ததை விடக் கூடாது. பறவைக் குறிப்புக்கும் இதே ஒழுங்குதான். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய 'இ-பேர்ட்' என்ற தளத்தில் உலகம் முழுக்க ஆர்வலர்கள் பட்டியல் இடுகிறார்கள். செல்போனிலேயே செய்யலாம். எங்கே நின்றீர்கள், எப்போது தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம், அடையாளம் தெரிந்த பறவை அத்தனையும் எத்தனை எத்தனை. காக்கையும் மைனாவும் தவிட்டுக் குருவியும் அதில் கட்டாயம் வர வேண்டும். அரிய பறவையை மட்டும் எழுதுகிற பட்டியலால் பெரிய பயனில்லை; சாதாரணப் பறவை குறைகிறதா, பெருகுகிறதா என்பது எல்லாவற்றையும் எண்ணுகிறவர்களின் குறிப்பிலிருந்துதான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்திலிருந்து வரும் உங்கள் பட்டியல் அந்த வகையில் பொன் போன்றது.

வேலைக்காக ஊர் ஊராகப் போனவர்களே இந்த நாட்டின் பறவையியலில் பெரும்பகுதியை எழுதினார்கள் என்பதும் உங்களுக்குத் தெம்பு தரலாம். டி.சி. ஜெர்டன் சென்னை ராஜதானியின் ராணுவத்தில் மருத்துவர். போகிற இடமெல்லாம் குறிப்பெடுத்து, 1862-க்கும் 1864-க்கும் இடையில் இந்தியப் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டார். அவர் வழியாக 1848-ல் அறிவியலுக்குத் தெரியவந்த 'ஜெர்டன்ஸ் கோர்சர்' என்ற பறவை, 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போய்விட்டது என்று எண்ணியிருந்தார்கள். 1986-ல் ஆந்திராவின் கடப்பா பகுதிப் புதர்க்காட்டில், உள்ளூர் மக்களின் உதவியோடு மீண்டும் கண்டுபிடித்தார்கள். ஜெர்டனின் பெயரையே அது இன்றும் தாங்கி நிற்கிறது.

இனி பரணில் இருப்பதை இறக்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பெரிய கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். ஒட்டடை போல இழை தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. கை துறுதுறுக்கும், ஆனாலும் நீங்களாகத் திறக்காதீர்கள். இரண்டு குழாய்களும் ஒரே புள்ளியைப் பார்க்கும்படி பொருத்தியிருப்பார்கள். அந்தப் பொருத்தம் இம்மி விலகினாலும் பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் 8x42 போதும்: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகித் தெரியும். பெரிய லென்ஸ் வைத்த கேமரா இப்போதைக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டூல் பாக்ஸோடு அதையும் சுமந்துகொண்டு அலைந்தால், படம் சரியாக வந்ததா என்று பார்ப்பதிலேயே காலை போய்விடும். ராத்திரி மறுபடி செல்போன், அதில் எத்தனை லைக் என்று. உங்களுக்கு வரைய வருகிறதே, அதைத் தொடருங்கள். அலகின் வளைவை வரைந்து பார்த்தவருக்கு அந்தப் பறவை மறக்காது. நோட்டின் அதே பக்கத்தில், அன்று மனதில் ஓடியதையும் இரண்டு வரி எழுதுங்கள். யாருக்கும் காட்டத் தேவையில்லை.

இதற்கெல்லாம் காலை ஆறு மணிக்கு எழ வேண்டும். ஒரு மணிக்குப் படுத்தால் நடக்காது. ராத்திரி வீட்டுக்குப் பேசி முடித்ததும் செல்போனைக் கட்டிலிலிருந்து கை எட்டாத இடத்தில் சார்ஜில் போட்டுவிடுங்கள். முதல் சில இரவுகள் கை தேடும். இரவுப் பேருந்தில் வந்து விடியற்காலையில் இறங்கிய அன்று குளத்துக்குப் போகாதீர்கள், தூங்குங்கள். இயந்திரம் நின்றுபோய், ஸ்கேன் அறை வாசலில் நோயாளிகள் ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கும் நாளில் பறவையைப் பற்றிய நினைப்பே வேண்டாம். அதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

மனைவியைப் பற்றிக் கேட்டதை வைத்தே உங்கள் மேல் எனக்கு மதிப்பு கூடியது. வெளியூரில் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை நீங்கள் குளக்கரையில் நிற்பதால் வீட்டில் ஒரு வேலையும் கூடப்போவதில்லை. அதில் தப்பே இல்லை. ஆனால் திருச்சியில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினால் அது தப்புதான். நீங்கள் ஊரில் இல்லாத நாள்களில் அவர் பள்ளிக்கு அனுப்புவதும், காய்ச்சலுக்கு டாக்டரிடம் கூட்டிப்போவதும், கேஸ் சிலிண்டருக்குக் காத்திருப்பதும் ஒற்றை ஆளாகத்தான். வீட்டுக்கு வந்த வாரத்தில் அவருக்கென்று ஒரு அரை நாளை முழுசாக விட்டுக்கொடுங்கள். அதில் அவர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்காதீர்கள். தூங்கினாலும் சரி, அம்மா வீட்டுக்குப் போனாலும் சரி, கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கும் ஒரு பாட்டோ தையலோ கோலமோ இருந்திருக்கும், அதை எடுத்தாலும் சரி. அடுப்பும் மகளும் அந்த நேரம் உங்கள் பொறுப்பு.

அந்த அரை நாளில் மகளை மாடிக்குக் கூட்டிப்போங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். எங்கும் போக வேண்டாம், இருக்கிற இடத்திலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ணினால் போதும், சிறுவர்களும் சேரலாம். பொங்கல் வருவதற்குள் மைனா, தேன்சிட்டு, கரிச்சான், மாடப்புறா என்று ஒரு பத்துப் பறவையை அவள் அடையாளம் சொல்லப் பழகிவிடுவாள். எண்ணுவது அவளுடைய வேலை, எழுதுவது உங்களுடையது. அவள் ஒன்பது காக்கை என்று சொன்னால் ஒன்பது என்றே எழுதுங்கள்.