முத்தமும் உமிழ்நீரும்: பல் மருத்துவரிடம் கேட்டவை

கல்யாணமாகி மூன்று மாதம். முத்தம் கொடுத்தால் வாயில் அமிலம் கூடிப் பல் அரித்துவிடும் என்கிறான் நண்பன். நிஜமா டாக்டர்? (திருமங்கலம்)

இல்லை தம்பி. முத்தத்தின்போது எச்சில் கூடுதலாக ஊறும். அப்படி ஊறி ஓடும் எச்சிலில் பைகார்பனேட் அதிகம். அது அமிலத்தை முறிக்கும். எச்சிலின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) சாதாரணமாக 6.2 முதல் 7.6 வரை இருக்கும். ஏறக்குறைய 5.5க்குக் கீழே போனால்தான் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல்பூச்சு, கரைய ஆரம்பிக்கும். அந்த அளவுக்கு இறக்குவது சர்க்கரை. ஒரு ஜிகர்தண்டா குடித்தால் சில நிமிடத்தில் கிருமிகள் அதிலுள்ள சர்க்கரையை அமிலமாக்கிவிடும். வாய் பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதனால் வெயிலுக்கு ஒன்று குடிப்பதில் தப்பில்லை. ஒரே டம்ளரை ஒரு மணி நேரம் வைத்து உறிஞ்சுவதுதான் பல்லுக்குக் கெடுதல். அதற்காக முத்தத்தையே வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சுரப்பு கொஞ்ச நேரம்தான்.

அப்படியென்றால் கிருமி தொற்றாதா? (அவரே)

தொற்றும். 10 விநாடி ஆழ்ந்த முத்தத்தில் சுமார் 8 கோடி பாக்டீரியா இடம் மாறுவதாக 2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பெரும்பாலானவை கெடுதல் செய்யாதவை. பயப்படாதீர்கள். ஆனால் ஒருவருக்கு ஈறில் ரத்தம் கசிந்தால் இருவருமே வந்து காட்டுங்கள்.

உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருகிறது. அக்காவுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள். போய்க் கொஞ்சலாமா? (செல்லூர்)

கொப்புளம் காய்ந்து உதிரும்வரை முத்தமே கூடாதம்மா. அது ஹெர்பிஸ் வைரஸ். நமக்கு ஒரு வாரத் தொல்லை, பச்சைக்குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. யார் மனம் கோணினாலும் சரி, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சர்க்கரை நோய். வாய் எப்போதும் காய்ந்தே கிடக்கிறது. (உசிலம்பட்டி)

எச்சில் குறைந்தால் சொத்தை சீக்கிரம் வரும் ஐயா. அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், சர்க்கரை அளவையும் பாருங்கள்.

பேரனுக்குப் பதினான்கு மாதம். சோற்றை மென்றுதான் ஊட்டுவேன், எங்க அம்மாவும் அப்படித்தான் வளர்த்தார். மருமகள் சண்டைக்கு வருகிறாள். (மேலூர்)

மருமகள் சொல்வது சரிதான் அம்மா. அண்ணாந்து தண்ணீர் குடித்து, எச்சில் படாமல் பார்த்துப் பழகியவர்கள் நாம். குழந்தை விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். சொத்தை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் வளர்ப்பவர் எச்சில் வழியாகத்தான் பிள்ளை வாய்க்குப் போகிறது. சோற்றைக் கையாலேயே குழைத்து ஊட்டுங்கள். கன்னத்தில் எத்தனை முத்தம் வேண்டுமானாலும் கொடுங்கள், உங்கள் சொத்தைப் பல்லையும் அடைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நாளைக் காலை வெளிச்சத்தில் பேரனின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். முன்பல்லில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் தள்ளிப்போடாமல் கூட்டி வாருங்கள். அந்தக் கட்டத்தில் பல்லைக் குடையாமல், ஃபுளோரைடு பூசியே சொத்தையைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம்.