திரும்பி வராத நோயாளி

கேள்வி: 25 ஆண்டுகளாக மருத்துவம் பார்க்கிறேன். மாநாட்டுக்குப் போய், தொடர்கல்விக்கான கிரெடிட் பாயின்ட் சேர்த்தால்தான் டாக்டரா? என் நோயாளிகளிடம் நான் கற்காததையா அங்கே சொல்லித் தரப்போகிறார்கள்? வேண்டியதை நானே படித்துக்கொள்ள மாட்டேனா?
– பெயர் வெளியிட விரும்பாத பொது மருத்துவர்

பதில்: முதல் பாதிக்கு என் ஓட்டு உங்களுக்கே. ஸ்லைடு பார்த்துக் கொட்டாவி விட்டு, சாப்பிட்டு, சான்றிதழோடு வருவதால் யாருடைய மருந்துச் சீட்டும் மாறுவதில்லை. வெறும் சொற்பொழிவு மருத்துவர்களின் நடைமுறையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்று 1999லேயே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதிவிட்டார்கள்.

ஆனால் நோயாளிகளிடம் கற்றதாகச் சொல்கிறீர்களே, எந்த நோயாளிகளிடம்? குணமானவர் திரும்பி வந்து கும்பிடுகிறார். குணமாகாதவர் வேறு டாக்டரைத் தேடிப் போய்விடுகிறார். உங்களுக்கு வரவேண்டிய பாடம் அந்த டாக்டருக்குப் போகிறது (உங்களைப் பற்றி இரண்டு வார்த்தையும் சேர்த்து). 2005ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 62 மதிப்பீடுகளை அலசியது. பாதிக்குச் சற்று அதிகமானவற்றில், தொழிலில் ஆண்டு ஏற ஏறத் தரம் இறங்கியிருந்தது.

இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் படித்தவரும் மாட்டுகிறார். இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாத நிலை) இருந்தால், இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தைக் கொடுக்கவே கூடாது. ஒரு காலத்தில் தேர்வில் அப்படி எழுதினால்தான் மார்க். ஸ்வீடனின் கோதன்பர்க் மருத்துவர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் தெரிகிறது என்று 1975லேயே எழுதினார்கள். நம்பியவர்கள் குறைவு. 1999ல் இரண்டு பெரிய ஆய்வுகள், உயிரிழப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டின. இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்தவர்களுக்கு, நிலைமை சீரானபின் சிறு அளவில் தொடங்கிக் கொடுப்பது இன்று அடிப்படைச் சிகிச்சை. நடுவில் எதையும் புரட்டிப் பார்க்காத தங்கப் பதக்கக்காரர், மனசாட்சிப்படியே அதை மறுத்துக்கொண்டிருப்பார்.

‘நானே படித்துக்கொள்வேன்’ என்பதிலும் ஒரு சிக்கல். பிடித்ததைத்தான் படிப்பீர்கள். சர்க்கரை நோயில் கெட்டிக்காரர் மறுபடி சர்க்கரை நோயையே படிப்பார். தடுமாறும் தோல் நோய்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். மருத்துவர்கள் தங்களைத் தாங்களே எடைபோடுவதைப் பற்றிய 2006ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில், கணக்கு மிகவும் தப்பியது திறமை குறைந்தவர்களுக்கும், நம்பிக்கை மிகுந்தவர்களுக்கும்.

ஆகவே, போன மாதம் நீங்கள் ரெஃபர் செய்த பத்துப் பேரின் பெயரை எடுங்கள். அங்கே கடைசியில் என்ன நோய் என்று முடிவானது? போன் போட்டுக் கேளுங்கள். நீங்கள் எழுதி அனுப்பியதோடு எது ஒத்துப்போகவில்லையோ, இன்றிரவு அதைப் படியுங்கள். இதற்கு எத்தனை கிரெடிட் பாயின்ட் என்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள்.