நிலாவரையை நிறுத்தினால் மலம் போவதில்லையே?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 61. நான்கு வருடமாக இரவில் நிலாவரை இலைத் தேநீர் குடிக்கிறேன். ஒரு டீஸ்பூன் இலையில் தொடங்கி இப்போது மூன்றுக்கு வந்துவிட்டேன். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரை எடுக்கிறேன். கேப் கற்றாழைக் கட்டிக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். இரண்டும் ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன. நிலாவரையில் பேதியாக்கும் பொருளான சென்னோசைடு செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது. அங்குள்ள பாக்டீரியா அதை உடைத்த பிறகே குடல் தூண்டப்பட்டு இறுக்கித் தள்ளும். மலத்திலுள்ள நீரை உறிஞ்சுவதும் குறையும். அதனால்தான் பலன் தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகிறது. கற்றாழைத் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பாலைக் காய்ச்சி எடுக்கும் கட்டி, நாம் கரியபோளம் என்போமே, அதுவும் இப்படித்தான். வயிற்று முறுக்கல் இன்னும் அதிகம். மடலுக்குள் இருக்கும் வெள்ளைச் சோறு வேறு, அது பேதி மருந்து அல்ல.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை பொட்டாசியம் பற்றித்தான். நீங்கள் எடுக்கும் மாத்திரை சிறுநீரில் அதை வெளியேற்றும். நிலாவரை மலத்தில் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் குடல் தசை சோர்ந்து மலச்சிக்கல் கூடும். நீங்கள் இலையைக் கூட்டுவீர்கள், அது இன்னும் குறையும். இதயத் துடிப்பும் தடுமாறலாம். இந்த வாரமே ரத்தத்தில் பொட்டாசியமும் தைராய்டும் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடீன் கலந்த வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எடுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டுமே மலத்தைக் கட்டும்.

இலையைச் சட்டென்று விடாதீர்கள். முதலில் இசப்கோல் உமி: காலையில் ஒரு டீஸ்பூன், 250 மில்லி தண்ணீரில் கலக்கியதும் கெட்டியாகும் முன் குடித்து, மேலே இன்னொரு தம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. படுக்கப் போகும் நேரத்திலும் வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கு முன்பின் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பலன் தெரிய 2, 3 நாள் ஆகும். முதலில் வாயு வரும். ஒரு வாரம் கழித்து இரவு உணவுக்கு முன்பும் ஒரு டீஸ்பூன் சேருங்கள். அதன் பிறகு வாரம் அரை டீஸ்பூன் வீதம் இலையைக் குறையுங்கள். கைப்பிடிக்குக் கைப்பிடி இலையின் வீரியம் மாறும் என்பதால், மருந்துக்கடையில் 7.5 மில்லிகிராம் சென்னோசைடு மாத்திரை வாங்கிக் குறைப்பது இன்னும் சுலபம். எத்தனை மாத்திரையில் தொடங்குவது என்று மருந்தாளரைக் கேளுங்கள்.

பலரும் தவறுவது இங்கேதான். பேதி மருந்து குடலை முழுக்கக் காலி செய்துவிடும். அது திரும்ப நிறைய 2, 3 நாள் ஆகும். மறுநாள் போகவில்லையே என்று பயந்து மறுபடி இலையைப் போடுகிறார்கள். வயிறு உப்பாமல், வலிக்காமல் இருந்தால் பொறுங்கள்.

காலை உணவு முடிந்த அரை மணி நேரத்துக்குள், காலடியில் சிறு முக்காலி வைத்து உட்காருங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும். வெள்ளை ரொட்டிக்குப் பதில் சுகர் பீன்ஸ் கறி, கீரை, பப்பாளி. விளக்கெண்ணெய் சிறுகுடலிலேயே வேலை செய்து 2 முதல் 6 மணி நேரத்தில் கழியவைக்கும்; தினசரிப் பழக்கத்துக்கு அது ஏற்றதல்ல.

மலத்தில் ரத்தம், எடை குறைதல், ரத்தசோகை, மலம் போகும் முறையில் புதிதாக ஏதாவது மாற்றம், இவற்றில் ஒன்று இருந்தாலும் இசப்கோலோடு காத்திருக்காமல் குடலுக்குள் பார்க்கும் பரிசோதனைக்குக் கேளுங்கள். வாந்தியோடு வயிறு உப்பி, வாயுவும் பிரியாவிட்டால் எந்தப் பேதி மருந்தும் குடிக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.