நத்தாருக்கு வீட்டில் செய்து அலங்கரித்த பிஸ்கட்டும் கோப்பியும் அயலவருக்குக் கொடுப்பது மட்டக்களப்பில் சரிவருமா?

சரிவரும். ஆனால் படங்களில் இருப்பதுபோல வழுவழுவென்று வெள்ளை ஐசிங் பூசிய பிஸ்கட்தான் வேண்டுமென்றால் எங்கள் ஊர் டிசம்பர் விடாது.

நான் கல்லடியில் இருக்கிறேன். முதல் வருடம் முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் சீனியைப் போட்டு அடித்து நட்சத்திரங்களுக்குப் பூசினேன். அந்த ஐசிங் இறுக வேண்டுமென்றால் அதிலுள்ள ஈரம் வெளியே போக வேண்டும். மாரி மழை இரண்டு நாளாய்க் கொட்டி, காற்றே நனைந்து கிடக்கும்போது அது எங்கே போகும்? 24ஆம் திகதி பின்னேரம் எல்லாம் வழிந்து கடதாசியோடு ஒட்டிவிட்டது. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, வெள்ளியெல்லாம் அழுவுது" என்றார்.

அவர் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. அதற்குக் காரணம் முட்டை. சில வருடங்களில் திருவெம்பாவை நாட்களும் நத்தாரும் ஒன்றாக வந்துவிடும், அப்போது அவர் வீட்டில் மரக்கறிதான். கோப்பியை மட்டும் குடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து முட்டையை விட்டுவிட்டேன். அரைத்த சீனி ஒரு பங்கு, பட்டர் இரண்டு, கோதுமை மா மூன்று. நிறுத்துப் போட்டால் 125, 250, 375 கிராம். ரொட்டிக்குப் பிசைவதுபோல அடித்துப் பிசையாதீர்கள், பிஸ்கட் கல்லாகிவிடும். அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து எடுத்தால்தான் வெட்டிய வடிவம் நிற்கும். நான் கத்தியால் மீன் வடிவம் வெட்டுவேன் (மட்டக்களப்பில் மீனை விட்டுவிட முடியுமா?). 170 பாகை செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ 15 நிமிடம். விளிம்பு பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும், மெத்தென்று இருந்தாலும் ஆறும்போது இறுகும்.

ஐசிங் சீனியில் கொஞ்சம் பாலும் சில துளி தேசிக்காய்ப் புளியும் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, செதிலுக்கு மெல்லிய கோடு மட்டும் போடுகிறேன். முழுக்கப் பூசுவதில்லை. பிறகு அணைத்துவிட்ட ஓவனின் மிச்சச் சூட்டில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக் காயவிடுவேன். காத்தான்குடியிலிருந்து முஸ்லிம் கூட்டாளிமாரும் வருவார்கள். சில வனிலா எசன்ஸில் மதுசாரம் இருப்பதால் அதற்குப் பதில் ஏலக்காய். வாசமும் அதுதான் நல்லம்.

கோப்பியில்தான் விஷயமே இருக்கிறது. பிஸ்கட் தட்டை வேலிக்கு மேலால் நீட்டிவிடலாம், சூடான கோப்பியை அப்படி நீட்ட முடியாது. ஆள் உள்ளே வந்து இருக்க வேண்டும். கொஞ்சம் மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்த தூள், பால் இல்லை. பிஸ்கட் இனிப்பு என்பதால் சீனியும் அரைவாசிதான்.

எப்போது கொடுப்பது? 25 இரவுக்குள் முடித்துவிடுங்கள். 26 காலையில் கல்லடியிலும் நாவலடியிலும் 2004இல் கடல் கொண்டுபோனவர்களுக்கு விளக்கேற்றுவார்கள். மாமி வீட்டிலும் ஒரு விளக்கு எரியும். அன்று பலகாரம் இல்லை. போத்தலில் கோப்பியை ஊற்றிக்கொண்டு நான்தான் அங்கே போவேன்.