கல்வியாண்டு முடிந்ததும் திரும்பிப் போய்விடலாமா?

கேள்வி: என் கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்ததால், நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் குடிபெயர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. நான் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டேன். பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. கணவருக்கு அலுவலகமே கதியாக இருக்கிறது. இரவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பத்து வயது மகள் பள்ளியிலிருந்து திரும்பியதும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். உடன் வந்திருக்கும் மாமியாருக்கு இந்த ஊர் மொழி தெரியாது. வாசலைத் தாண்டுவதே இல்லை. மாலைதோறும் பழைய தோழிகளுடன் போனில் பேசுவதுதான் எனக்கு ஆறுதல். மூன்று மாதமாகியும் இங்கே ஒருவர்கூட நெருக்கமாகவில்லை என்றால் குறை எங்கள் மேல்தானா? கல்வியாண்டு முடிந்ததும் நாங்கள் மூவரும் திரும்பிப் போய்விடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், அண்மையில் ஊர் மாறி வந்த பெரியவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பர் என்ற நிலைக்கு வருவதற்கே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழித்திருக்க வேண்டும். தயங்காமல் நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம் ஆகும். நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கும் மேல் தேவைப்படும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒருவரோடு பழகுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், முதல் 50 மணி நேரம் சேருவதற்கே ஆறு மாதம் பிடிக்கும். நீங்கள் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதிலும் முதல் சில வாரங்கள் வீட்டை ஒழுங்குபடுத்துவதிலும் பள்ளியில் சேர்ப்பதிலுமே கழிந்திருக்கும். இதுவரை ஒருவரும் நெருக்கமாகவில்லை என்பது இயல்பான நிலை. ஆனால் இப்போது இருப்பதுபோலவே நாட்களைக் கழித்தால், மூன்று ஆண்டுகள் ஆனாலும் அந்த மணி நேரங்கள் சேரப் போவதில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

புதிய ஊரில் மனம் ஒட்டிய பிறகு வெளியே போகலாம், ஆட்களோடு பழகலாம் என்று பலரும் காத்திருக்கிறார்கள். நடப்பது நேர் எதிராக இருக்கிறது. ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில், மறுபடியும் மறுபடியும் போய்வரும்போது அங்கே வருகிறவர்களின் முகங்கள் பழகுகின்றன. முகம் பழகிய பிறகு ஒரு சொல், பின்பு நின்று பேசும் ஐந்து நிமிடம் என்று அது வளர்கிறது. மனம் ஒட்டுவது அதற்கும் பின்னால்தான். அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய இரு சகாக்களும் மணமான மாணவர்களுக்கான ஒரு குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ஒரே தளத்தில் அடுத்தடுத்த கதவுகளுக்குள் வசித்தவர்களில் 41 விழுக்காட்டினர் ஒருவரையொருவர் நெருங்கிய நண்பர்களாகக் குறிப்பிட்டார்கள். தளத்தின் இரு கோடிகளில் வசித்தவர்களிடையே அது 10 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. குணப் பொருத்தத்தைவிட, தினமும் எதிர்ப்படுவதே அங்கே நட்பை முடிவு செய்திருக்கிறது. ஆகவே பூங்காவோ, நூலகமோ, உடற்பயிற்சி வகுப்போ, அந்த ஊர் மொழி கற்றுத்தரும் வகுப்போ, எதுவாயினும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாட்கள் குறிப்பிட்ட நேரத்தில் தவறாமல் போய்வாருங்கள். ஐந்து இடங்களுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட, ஒரே இடத்துக்கு இருபது முறை போவது உங்களுக்கு உதவும். என்னைக் கேட்டால் மொழி வகுப்பைத்தான் முதலில் சொல்வேன். அங்கே வருகிற எல்லோரும் உங்களைப் போலவே தடுமாறிக்கொண்டிருப்பவர்கள் என்பதால், பேச்சைத் தொடங்குவதில் ஒருவருக்கும் கூச்சம் இருக்காது.

தோழிகளுடன் பேசுவதை விட்டுவிட வேண்டாம். அந்த நட்பு பல ஆண்டுகளில் சேர்த்தது. அதைக் குறைத்துக்கொண்டால்தான் புதியது வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேசும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வெளியே விளையாடுவதும், பெரியவர்கள் நடக்க வருவதும், பக்கத்து வீட்டார் வாசலில் நிற்பதும் மாலையில்தான். அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் அறைக்குள் போனோடு கழிக்கும்போது, இந்த ஊரில் மனிதர்கள் எளிதாக எதிர்ப்படும் நேரம் முழுவதும் உங்கள் கையை விட்டுப் போகிறது. தோழிகளை இரவு உணவுக்குப் பின்போ, விடுமுறை நாள் காலையிலோ அழையுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் கடந்து போயிருக்கும் செய்தியிடம் நான் சற்று நிற்க விரும்புகிறேன். வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன வேலை, எத்தனை ஆண்டுகள் பார்த்தீர்கள், விட்டதில் வருத்தம் உண்டா என்று ஒரு சொல்லும் இல்லை. தூக்கமின்மையையும் பெட்டிகளையும் குறையாகச் சொன்னவர் இதைப் பற்றி மட்டும் குறை ஏதும் சொல்லாததைப் பார்க்கும்போது, இந்த இழப்பைப் பற்றிப் பேசும் உரிமை தமக்கு இல்லை என்று நீங்கள் எண்ணுகிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கணவருக்குப் புதிய ஊரில் இறங்கிய மறுநாளே ஒரு நாற்காலியும், பெயர் சொல்லி அழைக்கும் சகாக்களும், எழுந்து கிளம்புவதற்கு ஒரு காரணமும் இருந்தன. மகளுக்குப் பள்ளி இருந்தது. உங்களுக்கு அவை எதுவும் இல்லை. அவற்றைத் தந்துகொண்டிருந்த வேலையைத்தான் குடும்பத்துக்காக விட்டீர்கள். குறிப்பிட்ட நேரத்தில் வீட்டை விட்டு வெளியேறச் செய்யும் ஏதேனும் ஒரு பொறுப்பு, பகுதி நேர வேலையாகவோ தன்னார்வப் பணியாகவோ இருந்தாலும், உங்களுக்கு அவசரத் தேவை என்றே கருதுகிறேன். வேலை தேடுவதற்கு நெருங்கியவர்கள் இங்கே இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உதவியவர்கள், எப்போதாவது மட்டுமே சந்திக்கும் சாதாரண அறிமுகங்களாகவே இருந்தார்கள். வகுப்பில் பக்கத்தில் அமரும் பெண்ணிடமும், மகளின் தோழியின் தாயிடமும், நீங்கள் என்ன வேலை பார்த்தவர் என்பதைச் சொல்லிவையுங்கள்.

அயர்ச்சியாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. வாழ்க்கை மாற்றங்கள் உடலுக்கும் மனதுக்கும் தரும் சுமையை மதிப்பிட, ஹோம்ஸ், ராஹே என்ற இரு மருத்துவர்கள் 1967இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100 புள்ளிகள் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில், திருமணத்துக்கு 50 புள்ளிகள். வீடு மாறுவதற்கு 20 மட்டுமே. ஆனால் வீடு மாறுவது தனியாக வருவதில்லை. வாழும் சூழல் மாறுவதற்கு 25, பழகும் வட்டம் மாறுவதற்கு 18 என்று அதே பட்டியல் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. இந்த மூன்றைக் கூட்டினாலே 63 ஆகிவிடுகிறது. இதைக் கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவரைக் குற்றம் சாட்டுவதற்காக அல்லாமல், உங்கள் நாள் எப்படிக் கழிகிறது என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம் என்பதற்காகச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு மாலைகளாவது அவர் நேரத்தோடு வீட்டில் இருந்தால்தான் நீங்கள் வகுப்புக்குப் போய்வர முடியும். குடும்பம் முழுவதும் அவருடைய வேலைக்காக இடம் பெயர்ந்திருக்கும்போது, இதைக் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

பெட்டிகளைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் பிரித்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைக் கைவிடுங்கள். மகளின் படிப்பு மேசை, நீங்கள் தூங்கும் அறை, அடுப்படி ஆகிய மூன்றும் முழுமையாக ஒழுங்காக இருந்தால் போதும். மீதிப் பெட்டிகள் கண்ணில் படாத ஒரு மூலையில் இருக்கட்டும். தூங்கும் அறையில் மட்டும் ஒரு பெட்டிகூட இருக்கக் கூடாது. புது இடத்தில் முதல் இரவு தூக்கம் கெடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த இரவில் மூளையின் இடப்பாதி ஆழ்ந்த தூக்கத்திலும் ஓரளவு விழிப்பாகவே இருக்கிறது. ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகும் தொடரும் தூக்கமின்மையை இடம் புதிது என்று சொல்லி ஒதுக்க முடியாது. நாட்டின் குறுக்கே இடம் மாறினால், கடிகாரம் அதே நேரத்தைக் காட்டினாலும் சூரியன் உதிக்கும் நேரம் மாறிவிடக்கூடும். உடலின் கடிகாரமோ வெளிச்சத்தையே பின்பற்றுகிறது. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, காலை வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் மூன்று மாதங்கள் தூக்கம் கெட்டால், மருத்துவம் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று வகைப்படுத்துகிறது. நீங்கள் அந்த எல்லையில் இருக்கிறீர்கள். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மகள் கதவைச் சாத்திக்கொள்வதை நான் பெரிதாக எண்ணியிருக்க மாட்டேன். நாள் முழுவதும் புதிய மொழிக்கும் புதிய முகங்களுக்கும் ஈடுகொடுத்துவிட்டு வரும் குழந்தைக்குச் சிறிது நேரத் தனிமை ஓய்வுதான். என்னை உறுத்துவது வேறு. திரும்பிப் போய்விடலாமா என்ற பேச்சு அவள் காதில் விழுகிறதா? போனில் தோழிகளிடம் அதைச் சொல்லும்போது அவள் அடுத்த அறையில் இருக்கிறாளா? சில மாதங்களில் கிளம்பிவிடுவோம் என்று நம்பும் குழந்தை எதற்காக ஒரு தோழியைத் தேடிக்கொள்ள வேண்டும்? பிரிவின் வலியை அவள் இப்போதுதான் பட்டிருக்கிறாள்; இன்னொரு முறை அதற்குத் தன்னை ஆளாக்கிக்கொள்ளாமல் இருப்பதில் வியப்பில்லை. அவள் முன்னிலையில் அந்தப் பேச்சை அடியோடு நிறுத்துங்கள். பள்ளி பிடித்திருக்கிறதா, தோழிகள் கிடைத்தார்களா என்று தினமும் கேட்பதும் வேண்டாம். இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், இடைவேளையில் எங்கே நின்றாய் என்று கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியும். வகுப்பாசிரியரைச் சந்தித்து, பொறுமையான ஒரு பிள்ளையின் பக்கத்தில் அவளை அமர்த்தும்படி கேளுங்கள். பலரைக் கூட்டி விருந்து வைப்பதைவிட, ஒரே ஒரு பிள்ளையை விடுமுறை நாளில் வீட்டுக்கு அழைப்பது நல்லது. அவள் சாப்பாடு குறைந்தாலோ, காலைதோறும் வயிற்றுவலி என்று பள்ளியைத் தவிர்த்தாலோ, அப்போது குழந்தைகள் நல மருத்துவரின் ஆலோசனை தேவை.

உங்கள் மாமியாரைப் பற்றி எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. முதிய வயதில் ஊர் மாறுபவர்கள் மனிதர்களோடு வழிகளையும் இழக்கிறார்கள். எந்தத் திருப்பத்தில் எது இருக்கும் என்று யோசிக்காமலே நடந்தவருக்கு இப்போது வாசலைத் தாண்டினால் எல்லாம் அந்நியம். பேத்தியோடு சேர்ந்து ஒரே பாதையில், ஒரே நேரத்தில் தினமும் நடக்கட்டும். அந்த ஒரு பாதை பழகினால் தனியே போகும் துணிவு தானாக வரும். வீட்டு முகவரியை இந்த ஊர் மொழியிலேயே எழுதி, உங்கள் தொலைபேசி எண்ணோடு அவருடைய பையில் வையுங்கள். மகளுக்கு அது மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கான மருத்துவரை உடல்நலம் கெடுவதற்கு முன்பே கண்டுபிடித்து, பழைய மருத்துவக் குறிப்புகளைக் காட்டி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். மருந்துகளின் வணிகப் பெயர் இடத்துக்கு இடம் மாறலாம் என்பதால், அவற்றின் மூலப் பெயரையும் அளவையும் எழுதி வைப்பது அவசியம். அவசர சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு ஒருமுறை பகலிலேயே போய்வந்து வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கி, காப்பீடு, வாகனம், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் முகவரி மாற்றும் வேலைகளைக் கணவரிடமே முழுமையாக ஒப்படைத்துவிடுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். திரும்பிப் போவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். சில குடும்பங்களுக்கு அதுவே சரியான முடிவாக இருந்திருக்கிறது. ஆனால் தந்தையைப் பிரிந்து மகள் வளர்வதும், இரண்டு வீடுகளின் செலவும், இன்னொரு முறை எல்லாரும் இடம் மாறுவதும் அந்த முடிவோடு சேர்ந்தே வரும். தினமும் இரவில் நீங்கள் தனியாக அதை எடைபோட்டுக்கொண்டிருப்பதுதான் மிகுந்த துன்பம் தருகிறது. இந்த வாரமே கணவரோடு அமர்ந்து, கல்வியாண்டு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பாக ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு முடிவெடுப்போம், அதுவரை இங்கேயே இருக்கப்போகிறவர்களைப்போல வாழ்வோம் என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த நாள் வரும்போது, மகள் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கிறதா, மாமியார் தனியாக வெளியே போய்வருகிறாரா, உங்களுக்கு ஒரு வேலையோ அதற்கான வழியோ தென்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாமியாரின் விருப்பத்தையும் மகளின் விருப்பத்தையும் அன்று கேளுங்கள். முடிவு மட்டும் பெரியவர்களுடையதாக இருக்கட்டும். திரும்புவதென்று தீர்மானித்தால், பழைய பள்ளியில் இடம் இருக்குமா, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்பதை முன்கூட்டியே விசாரித்துவைத்தால்தான் அந்த இரண்டு மாத அவகாசம் பயன்படும். அதை மகளுக்குத் தெரியாமல் கணவரே விசாரித்து வைக்கலாம்.