தை மாசம் போகாதேங்கோ

கடிதம்:

வணக்கம் அண்ணா, நான் வெள்ளவத்தையில இருக்கிறன். எங்கட ஒஃபிஸ் ஆக்கள் காசு சேர்த்து முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராமத்து பெண்கள் சங்கத்துக்கு ஆடும் ஊர்க்கோழியும் வாங்கிக் குடுத்தவை, ஒரு வருசம் ஆகுது. வாற தை மாசம் நான் போய்ப் பாத்து ரிப்போர்ட் எழுத வேணுமாம். நான் பிறந்து வளந்ததே கொழும்பில, ஆடு மாடு பற்றி ஒண்டும் தெரியாது. அங்க என்னத்தைப் பாக்கிறது, என்ன கேக்கிறது எண்டு சொல்லுவீங்களா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

ஏலுமெண்டால் தையில போகாதேங்கோ. மாரி பெய்து குளமெல்லாம் நிரம்பி ரோட்டுக் கரையில கூட புல்லு முழங்காலுக்கு நிக்கிற நேரம் அது, அப்ப வன்னியில எந்த ஆடும் கொழுகொழு எண்டுதான் இருக்கும், திட்டம் நல்லா ஓடுதோ இல்லையோ உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆவணி புரட்டாதியில போங்கோ. வைகாசிக்குப் பிறகு மழை இல்லாம சோளகக் காத்து அடிச்சு நிலம் வெடிச்சுக் கிடக்கிற நேரம் அந்த ஆடு என்ன தின்னுது எண்டு பாத்தீங்களெண்டால் பாதி ரிப்போர்ட் முடிஞ்சுது.

2017 வரட்சி நேரம் நான் துணுக்காய்ப் பக்கம் ரெண்டு வீட்டுக்குப் போனனான், ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே திட்டத்தில ஒரே நாளில ஆடு வாங்கின ஆக்கள். முதல் வீட்டு அம்மா வளவைச் சுத்தி வேலி முழுக்க கிளிசரிடியா எண்ட குழை மரம் நட்டு வச்சிருந்தவ. காலமை குழையை வெட்டி நிழலில விரிச்சுப் போட்டிட்டு பின்னேரம்தான் ஆட்டுக்குக் கட்டுவா, ஏனெண்டு கேட்டதுக்கு, பச்சையாக் குடுத்தா அந்த மணத்துக்கு ஆடு முகத்தைத் திருப்புது தம்பி, வாடினாப் பிறகு தின்னுது எண்டா. அது சரியான விசயம். வாட வைக்கிற குழை, அதுவும் புரதம் கூடின குழை, கடைத் தீவனம் வாங்கக் காசில்லாத வீட்டுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. அடுத்த வீட்டில தகரவேலி. ஆடி மாசமே தீனி இல்லாம மறியாடு ரெண்டையும் வந்த விலைக்கு வித்துப்போட்டினம். திட்டத்தின்ர கொப்பியில ரெண்டு வீடும் பயனாளி எண்டுதான் கிடக்கு.

அதால எத்தினை ஆடு எண்டு எண்ணுறதை விட்டிட்டு வேலியைப் பாருங்கோ, குழை ஆர் வெட்டுறது எண்டு கேளுங்கோ. தண்ணி அள்ளுறது ஆர் எண்டும் கேளுங்கோ, அனேகமா ஒரே ஆள்தான், அவவின்ர நாள் எத்தினை மணிக்குத் தொடங்கி எப்ப முடியுது எண்டு அவவின்ர வாயாலயே சொல்ல விடுங்கோ.

மாடு வச்சிருக்கிறவையின்ர பாடு இன்னும் கஷ்டம். காலபோகம், அதுதான் மாரி மழையோட செய்யிற நெல்லு, விதைச்சா மாட்டைக் கொண்டுபோக இடமில்லை, வயலுக்க இறங்கினா சண்டை, கட்டாக்காலி எண்டு பிடிச்சுக் கட்டுவினம். மட்டக்களப்பில மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக பண்ணையாளர் 2023 புரட்டாதி மாசம் தொடங்கி சித்தாண்டியில ரோட்டுக் கரையில இருந்து போராடினது இதுக்குத்தான், வேளாண்மை நேரம் பட்டியைக் கொண்டுபோக அவைக்கு வேற தரை இல்லை. நல்ல இனப் பசு வந்தாச் சரி எண்டு நினைச்சு 2017ல ஆஸ்திரேலியாவில இருந்து 5,000 பசு இறக்கினது, கடன்பட்டு வாங்கின கன பேருக்கு சொன்ன அளவு பாலும் வரேல்லை, நோயும் வந்தது. மேய்ச்சல் தரையைப் பற்றி ஒரு வரியும் இல்லாத கால்நடைத் திட்டத்தை நான் நம்புறதில்லை, அதைத் திறந்தே சொல்லுறன்.

கோழிக்கு வருவம். ஊர்க்கோழிக்கு ராணிக்கெட் எண்ட தொற்று நோய் வந்தா ஒரு கிழமைக்குள்ள கூடு வெறுமையாப் போகும். தடுப்பு மருந்து இருக்கு, ஆனா அதைக் குளிரிலயே வச்சுக் கொண்டுபோக வேணும், ஒரு குப்பிக்குள்ள நூற்றுக்கணக்கான கோழிக்குக் காணுற மருந்து இருக்கும், கரைச்சா கொஞ்ச மணித்தியாலத்துக்குள்ள குடுத்து முடிக்க வேணும். பத்துக் கோழி வச்சிருக்கிற ஒரு வீடு தனிய அதை வாங்கி என்ன செய்யிறது? ஊரே ஒரே நாளில, விடியக் காலமை கோழி கூட்டில நிக்கேக்க, ஐஸ் பெட்டியோட வீடு வீடாப் போனாத்தான் சரிவரும். சங்கம் எண்டு ஒண்டு உண்மையா இருக்கோ எண்டு அறிய கூட்ட அறிக்கையெல்லாம் பாக்கத் தேவையில்லை, கடைசியா எப்ப கோழிக்கு மருந்து குடுத்தனீங்கள், ஐஸ் பெட்டி ஆரின்ர வீட்டில இருக்கு எண்டு கேளுங்கோ, டக்கெண்டு மறுமொழி வந்தா சங்கம் உயிரோட இருக்கு.

பிறகு முட்டை. இதைப் பற்றித்தான் நான் கூடுதலா யோசிக்கிறனான். முட்டை கடைக்குப் போகுதோ பிள்ளையின்ர கோப்பைக்குப் போகுதோ? 2016ல எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில எங்கட நாட்டில 5 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளில 17.3 வீதம் வயசுக்கேத்த உயரம் இல்லை, 15.1 வீதம் உயரத்துக்கேத்த நிறை இல்லை. அது 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்தின கணக்கு. 2022 பங்குனியில 400 கிராம் பால்மா 790 ரூபாவுக்குப் போகேக்க கொழும்பில நாங்கள் கியூவில நிண்டனாங்கள், அதே நேரம் பால் கறக்கிற வீட்டிலயே பிள்ளைக்கு வெறும் தேத்தண்ணி குடுத்த ஆக்களை எனக்குத் தெரியும், ஏனெண்டால் அந்த லிட்டர் காசிலதான் அரிசி வாங்க வேணும். அவையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விக்கிறது பிழையில்லை, ஆனா எல்லாத்தையும் விக்க வேண்டி வருதெண்டால் திட்டம் சின்னதாப் போச்சு எண்டு அர்த்தம், அதை உங்கட ஒஃபிஸுக்கு நீங்கள்தான் எழுத வேணும். ஆனா நேரடியா பிள்ளைக்கு முட்டை குடுக்கிறனீங்களோ எண்டு கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவினம், பாவம், ஆர்தான் இல்லை எண்டும். நேற்று எத்தினை முட்டை எடுத்தனீங்கள், எத்தினை வித்தனீங்கள், மிச்சம் என்ன செய்தனீங்கள் எண்டு கதையோட கதையாக் கேளுங்கோ.

கொட்டிலையும் ஒருக்கா நிமிந்து பாருங்கோ. 2022 மார்கழிக் குளிரில வடக்கிலயும் கிழக்கிலயும் ஆயிரத்துக்கு மேல ஆடு மாடு செத்தது, மழைக்கும் காத்துக்கும் ஒதுங்க இடமில்லாம வெளியில நிண்டதுகள்தான் கூட.

பனரோட போட்டோ எடுக்க அந்த அம்மாக்களை வெயிலில வரிசையா நிப்பாட்டாதேங்கோ. வெள்ளவத்தையில இரவு பஸ் ஏறினா விடிய அங்க நிப்பீங்கள், அண்டைக்கே திரும்பாம ஒரு இரவு தங்குங்கோ, ஆட்டை அவிழ்க்கிற நேரமும் கட்டுற நேரமும் நிண்டு பாக்க வேணும். ரிப்போர்ட் இங்கிலீசிலதான் கேப்பினம் எண்டு நினைக்கிறன். எழுதி முடிச்சதும் ஒஃபிஸுக்கு அனுப்ப முதல் போன் எடுத்து சங்கத்து ஆக்களுக்குத் தமிழில வாசிச்சுக் காட்டுங்கோ, எது பிழை எண்டு அவை சொல்லுவினம், அதைத் திருத்திப்போட்டு அனுப்புங்கோ.