கை நடுக்கத்தை விடுங்கள், கண்ணிமையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 34, வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஒபிஸ் மீட்டிங்கில் பேச எழும்பினால் கை நடுங்குகிறது. கெண்டைக்காலில் தசை துடிக்கிறது. இன்டர்நெட்டில் தேடினால் தசையை இயக்கும் நரம்புகள் அழிகிற மோட்டார் நியூரோன் நோய் என்று வருகிறது. நண்பி தந்த புரோப்ரனலோலை மீட்டிங் நாட்களில் போட்டால் நடுக்கம் நிற்கிறது. ஆனால் அன்று பின்னேரம் இடது கண் இமை கனத்துக் கீழே இறங்குகிறது, பஸ் நம்பர் இரண்டாகத் தெரிகிறது. களைப்பாக இருக்குமா?

பதில்: கடைசியாகச் சொன்னதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பதற்றத்தில், உடலை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புத் தொகுதி முடுக்கிவிடும் அட்ரினலின், தசையிலுள்ள பீட்டா-2 ஏற்பிகளில் (இரசாயனச் செய்தியை வாங்கும் இடங்களில்) போய் ஒட்டும். எல்லோர் கையிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற நடுக்கம் அப்போது வெளியே தெரியும். இழுப்புக்கு சல்பியூட்டமோல் பம்ப் அடிப்பவர்களுக்குக் கை நடுங்குவதும் இதனால்தான். கெண்டைக்கால் துடிப்பா? கால் வலு குறையாமல், செருப்பு கழன்று விழாமல் இருந்தால், தேநீரைக் குறைத்து நேரத்துக்குப் படுங்கள். நீங்கள் இரவு முழுக்கத் தேடிப் பயந்த நோய்க்கு உங்கள் கடிதத்தில் ஆதாரமில்லை.

இமைதான் எனக்குக் கவலை. காலையில் சரியாக இருந்து, மாலையில் இறங்கி, கூடவே காட்சியும் இரண்டாகிறது என்றால் மயஸ்தீனியா கிராவிஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தில், தசையைச் சுருங்கச் சொல்லும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை நரம்பு விட்டாலும், அதை வாங்கும் தசை ஏற்பிகளை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிற நோய் அது. நல்ல சிகிச்சை உண்டு. பரிவு நரம்புக்கும் அந்தச் சந்திப்புக்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். அதன் இழைகள் அதுவரை வந்து அதைப் பேணுவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். ஹரியட் எட்ஜ்வேர்த் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, தானே மயஸ்தீனியா நோயாளி, பரிவு நரம்பைப் போல வேலை செய்யும் எபிட்ரின் என்ற மருந்தால் தன் தசைக்கு வலு வந்ததை 1930இல் எழுதினார். (இதைப் படித்துவிட்டு பார்மசிக்கு ஓட வேண்டாம்.) நீங்கள் போட்டதோ பீட்டா ஏற்பிகளை அடைக்கும் எதிர்ப்பக்க மருந்து. ஒளிந்திருக்கும் மயஸ்தீனியாவை புரோப்ரனலோல் வெளியே இழுத்துவிடலாம், இழுப்புக்காரருக்கு மூச்சையே அடைக்கலாம். இதையா ஒருவருக்கொருவர் டொபி போலக் கொடுப்பது?

எப்போதாவது போட்டதுதானே, இனிப் போட வேண்டாம். இன்று பின்னேரம் கண்ணாடி முன் நின்று, தலையை அசைக்காமல் ஒரு நிமிடம் விட்டத்தைப் பாருங்கள். இமை மெல்ல வழுக்கி இறங்கினால் போனில் படமெடுங்கள், நாளை காலையும் ஒன்று எடுங்கள். இறங்காவிட்டாலும் இந்த வாரமே நரம்பியல் வைத்தியரிடம் போங்கள். விழுங்கும்போது புரையேறினால், பேச்சு மூக்கால் வந்தால், மூச்சு வாங்கினால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் உடனே தேசிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எங்கே போனாலும் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். நண்பி தந்தது என்று சொல்லக் கூச்சப்பட்டு அதை மறைத்துவிடாதீர்கள்.